மூன்றாம் காவல் என்றால் எத்தனை மணி?

காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் ரயிலில், சீனப் பேரரசுக் காலத்துக் கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பது மூன்று ஆண்டுகளாக என் வழக்கம். அண்மையில் படித்த ஒரு கொலைக் கதையில், மூன்றாம் காவல் முரசு ஒலித்தபோது வேலைக்காரன் சமையற்கட்டில்தான் இருந்தான் என்று ஒருவர் சாட்சி சொல்கிறார். அதை நம்முடைய மூன்றாம் ஜாமமாக, அதாவது நள்ளிரவு 12 மணிக்கு மேல் என்று எடுத்துக்கொண்டு படித்தேன். அரக்கோணம் வரும்வரை கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது.

சீனர்கள் தோராயமாக இரவு 7 மணி முதல் விடியற்காலை 5 மணி வரையுள்ள பொழுதை ஐந்து 'கெங்'காகப் பிரித்தார்கள். மூன்றாவது கெங் 11 முதல் 1 வரை; நள்ளிரவு அதன் நடுவில் விழுகிறது. நம் ஜாமமோ மூன்று மணி நேரம், ஏழரை நாழிகை. ஜாமம் கைவிட்ட இடத்தில் நாழிகை கைகொடுத்தது. அவர்கள் ஒரு நாளைப் பன்னிரண்டு 'ஷிச்சென்' ஆக்கினார்கள். ஒரு ஷிச்சென் சரியாக ஐந்து நாழிகை.

பணத்தில் எனக்கு வேறு விதமான வியப்பு காத்திருந்தது. நடுவில் சதுர ஓட்டை போட்டு, ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றில் கோத்த செப்புக் காசை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்கிறார்கள். ரொக்கம் என்று நினைத்துப் பல பக்கங்களைக் கடந்த பிறகுதான், அச்சொல் போர்த்துக்கீசியர் வழியாகப் போன நம்முடைய 'காசு' என்று தெரிந்துகொண்டேன். அதிகாரியைக் குறிக்கும் 'மாண்டரின்' என்ற சொல்லும் மலாய் வழியே போன 'மந்திரி'தான். வெள்ளியை நிறுத்த 'டேல்' ஏறக்குறைய 37 கிராம். புளியை இன்னும் பலக் கணக்கில் கேட்கும் என் அம்மாவிடம் சொல்வதென்றால், ஒரு பலத்துக்குச் சற்று அதிகம்.

உறவுச் சொற்களில்தான் ஆங்கிலம் மிகவும் ஏழையாகத் தெரிகிறது. பெரியப்பாவுக்கு 'போபோ', சித்தப்பாவுக்கு 'ஷூஷூ', தாய்மாமனுக்கு 'ஜியூஜியூ', அத்தைக்கு 'கூகூ' என்று சீனத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. இவர்களில் ஆண்கள் எல்லாரையும் 'அங்கிள்' ஆக்கிவிடும் மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது, சொத்துச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதே குழம்பிவிடுகிறது. ஆகவே புத்தகத்தின் உள் அட்டையில் பென்சிலால் ஒரு வம்ச மரம் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் தமிழ் முறையை எழுதிக்கொள்கிறேன்.

இந்த வசதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அப்பாவின் சகோதரர்களுடைய பிள்ளைகள் 'தாங்', ஒரே குடும்பப் பெயர். அவர்களுக்குள் திருமணம் கிடையாது. இதுவரை நம் முறைதான். ஆனால் அத்தை, மாமன் பிள்ளைகளோடு பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் 'பியாவ்' என்ற ஒரே வகையில் அடங்குவார்கள். சட்டம் சில காலங்களில் தடுத்தபோதும் பியாவ் உறவில் பெண் எடுப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. கதாநாயகன் தன் சின்னம்மா மகளை மணப்பதை அம்மாவிடம் சொன்னபோது, "அய்யய்யோ, அது தங்கச்சி முறை ஆச்சே" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

அதுபோலவே, ஆசைநாயகி என்றும் இளைய தாரம் என்றும் மொழிபெயர்க்கத் தோன்றும் 'ச்சியே' இரண்டுமல்ல. ஓர் ஆணுக்குச் சட்டப்படி மனைவி ஒருத்திதான். ச்சியே வீட்டுக்குள் முறைப்படி வைக்கப்பட்டவள், ஆனால் மனைவிக்குக் கீழ்ப்பட்டவள். அவள் பெற்ற பிள்ளைகளும் மூத்தவளையே முறைப்படி தாயாகக் கொள்ள வேண்டும். இதை அறியாமல் படித்தால், ஒரு மகன் பெற்றவளை விட்டுவிட்டு வேறொருத்தியை 'அம்மா' என்றழைக்கும் காட்சி வெறும் கல்நெஞ்சமாகத் தெரியும்.

வயதுக் கணக்கு எளிது. பிறந்தவுடன் ஒரு 'சுய்', பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். நாம் "பதினாலு நடக்கிறது" என்பதற்கு இது நெருக்கம் என்றாலும், ஆண்டின் கடைசி மாதத்தில் பிறந்தவர்களிடம் அது பொருந்தாது. கதையில் பதினைந்து வயது என்று கூந்தலில் ஊசி செருகும் சடங்கு நடக்கும் பெண்ணுக்கு நம் கணக்கில் பதின்மூன்றே முடிந்திருக்கலாம். இதை விளக்கியபோது அம்மா கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பொறந்து பத்து நாள் கொழந்தைக்கு ரெண்டு வயசா?" என்று கேட்டார்.