பட்டன் ஒன்று, அழுத்தல் பதினைந்து

பைத்தான் மொழியில் கேம் எழுத உதவும் பைகேமில் படம் வரையலாம், ஒலி எழுப்பலாம், ஆனால் ஒரு சாதாரண பட்டன் கிடையாது. 2000-இல் வந்த நிரல் நூலகம், அடியில் திரை, ஒலி, மவுஸை எல்லாம் கையாளும் எஸ்டிஎல் என்ற இன்னொரு நூலகம், அதற்கு மேல் எல்லாம் நம் பாடு. சரி, ஒரு செவ்வகம் வரைந்து, மவுஸ் அதற்குள் இருக்கிறதா என்று பைகேமின் செவ்வகமான ரெக்ட்டில் உள்ள கொலைட்பாயின்ட் என்ற செயல்கூறிடம் கேட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையைப் புதிதாக வரையும் ஒவ்வொரு முறையும், மவுஸ் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது கால் நொடி விரல் வைத்தாலே 15 அழுத்தல். என் கேமில் வரும் கடையில் ஒரு வாள் வாங்கப் போனவன் பதினைந்து வாளோடும் காலிப் பையோடும் நின்றான். நிலையைக் கேட்காமல் நிகழ்வைக் கேட்க வேண்டும்: மவுஸ் இறங்கும்போது "இந்தப் பட்டன்தான்" என்று குறித்துக்கொண்டு, மேலே எழும்போதும் அதே பட்டனுக்குள் இருந்தால் மட்டும் வேலையைச் செய்ய வேண்டும். தவறாக அழுத்தியவர் விரலை எடுக்காமல் வெளியே இழுத்துத் தப்பிக்கவும் இதுதான் வழி, நாம் தினமும் செய்வதுதான், கவனிப்பதில்லை.

ஸ்லைடர் வரை நானே எழுதினேன். எழுத்துப் பெட்டி வந்ததும் கையைத் தூக்கிவிட்டேன். கர்சர், தேர்வு, பேஸ்ட், அது தனி உலகம். அப்புறம் பட்டன், எழுத்துப் பெட்டி எல்லாம் தயாராகத் தரும் பைகேம் ஜியுஐ நூலகத்துக்கு மாறினேன். ஒரு மேனேஜரிடம் நிகழ்வுகளைக் கொடுத்து, நேரத்தைச் சொல்லி, வரையச் சொன்னால் போதும், நிறமும் எழுத்துருவும் ஜேசன் வடிவில் உள்ள ஒரு உரைக் கோப்பில். அந்த வாள் பட்டன் மட்டும் இன்னும் நான் எழுதியதுதான்.