மாரிக்கு முதல் கோயில் மண்டபத்தில் பார்க்க வேண்டிய வேலைகள்

யாழ்ப்பாணத்தில் ஆபத்து என்றால் சனம் கோயிலுக்குத்தான் ஓடும். 1995 யூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்து செத்தவர்கள் அடைக்கலம் தேடி அங்கே போனவர்கள். அதற்குப் பிறகும் அந்த நம்பிக்கை விட்டுப்போகவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்தது போன்ற வெள்ளம் இன்னொருமுறை வந்தாலும் கதவைத் தட்டத்தான் போகிறார்கள். ஆனபடியால் பங்குத் தந்தையோ போதகரோ ஐப்பசி பிறக்கும்போதே ஆயத்தத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

மண்டபத்தை முதலில் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். தங்குகிற ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 38 சதுர அடி வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 60 அடி நீளம், 30 அடி அகலமான மண்டபத்துக்கு அது 47 பேர். கலியாணத்துக்கு முந்நூறு பேர் இருந்த இடம் என்று நினைத்துச் சேர்த்தால் இரண்டாம் நாளே காய்ச்சலும் இருமலும் பரவும். மிச்சப் பேருக்கு எந்தப் பாடசாலை என்பதைக் கிராம அலுவலரோடு இப்போதே பேசி வையுங்கள்.

பெரும்பாலும் பிழை வருகிற இடம் மலசலகூடம். சோற்றை எப்படியும் ஆரோ கொண்டுவந்து தருவார்கள், இதை ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் குழி தண்ணீரை இழுக்காது, இரண்டு நாளில் நிரம்பி வழியும். அந்த நேரம் குழியை உறிஞ்சி வெறுமையாக்கும் பவுசர் வண்டி தேடினால் கிடைக்காது. ஐப்பசியிலேயே பிரதேச சபைக்குச் சொல்லிக் குழியை இழுப்பித்துவிடுங்கள். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, தங்கல் நீண்டால் 20 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பெண்களுடையது தனியாக, உள்ளே கொண்டி போடக்கூடியதாக, போகிற வழியில் வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். கொண்டி இல்லாவிட்டால் இளம்பெண்பிள்ளைகள் இரவில் தண்ணீர் குடிக்காமலே படுப்பார்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர். 47 பேருக்கு ஒரு நாளைக்கு 1000 லீற்றர் தாங்கி ஒன்று போதும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளால் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குக் கெதியாக வந்து சேரும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் வெள்ளக் காலத்தில் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்க வேண்டாம். குளோரீன் எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்துச் சொல்லட்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூள் ஒரு பைக்கற், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில். அரைப் பைக்கற், அரை லீற்றர் என்று கண்மட்டத்தில் கரைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

குசினிக்கு வருவோம். நூறு பேருக்கு ஒரு நேரத்துக்கு அரிசி 10 முதல் 12 கிலோ, பருப்பு 3 முதல் 4 கிலோ. சுடுசோற்றை லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளில் கட்டிப் பெட்டிக்குள் அடுக்கினால் உள்ளே வேர்த்துப் பழுதாகும். காலையில் கட்டி மத்தியானம் கொடுத்த பார்சல்களால் வருகிற வயிற்றோட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடியட்டும். தேங்காய்ச் சம்பலும் பாற்கறியும் முதலில் புளிக்கும், அவற்றைத் தவிர்த்துவிடலாம். கிடாரத்தில் சைவம் மட்டும் சமையுங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் சைவக்காரராக இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வரிசை.

செபம் கோயிலுக்குள் வழமைபோல நடக்கட்டும், மண்டபத்துக்குள் வேண்டாம். செபத்துக்கு வந்தவருக்குத்தான் பார்சல் என்ற பேச்சு ஒருமுறை ஊரில் கிளம்பினால், அடுத்த வெள்ளத்தில் அயலவர் கழுத்தளவு தண்ணீரிலும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். சாமான் வாங்குகிறவரின் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடுவதையும் அடியோடு விட்டுவிடுங்கள். உதவிய வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் பற்றுச்சீட்டும் கணக்கும் அனுப்பினால் போதும்.

வாசலில் ஒரு கொப்பி, அதற்கென்று ஒரே ஆள். பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன மருந்து, கர்ப்பிணி என்றால் எத்தனையாம் மாதம். இன்சுலினைப் பங்குமனைக் குளிர்சாதனப் பெட்டியில் பெயரெழுதி வையுங்கள். கர்ப்பிணியைப் பற்றிக் குடும்பநல மாதுவுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்ற இலக்கங்களைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். கொப்பியின் பிரதி கிராம அலுவலருக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குடும்பத்துக்கு மூன்று பாய் கிடைக்கும், பக்கத்துக் குடும்பம் வெறுந்தரையில் படுக்கும்.

வெள்ளம் வடிந்ததும் வீடு துப்புரவாக்க இளைஞரை அனுப்புவது நல்ல வேலைதான். ஆனால் வெறுங்காலோடு அனுப்ப வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் இங்கே உயிர்களைக் குடித்தது. சப்பாத்து, கையுறை கொடுங்கள். காலில் புண் உள்ளவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் முதலே கேளுங்கள். கிணறு இறைக்க அவசரப்பட வேண்டாம். சுற்றியுள்ள நிலத்தில் வெள்ளம் நிற்கும்வரை இறைத்தால் அதே ஊத்தைத் தண்ணீர்தான் திரும்ப ஊறும்.