சிலேட் வண்டிக்கு ஒரு பித்தளைத் தொகுப்பு

வேல்ஸில் 1836-இல் திறக்கப்பட்ட ஃபெஸ்டினியோக் இரயில்பாதையில், மலைச் சுரங்கங்களின் சிலேட் பலகைகளை ஏற்றிய வண்டிகள் போர்ட்மடோக் துறைமுகம் வரை புவியீர்ப்பாலேயே உருண்டு இறங்கின. காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் சென்றன. அந்த வண்டியைத்தான் 1:76 அளவில், அதாவது அசலில் 76-இல் ஒரு பங்காக, பாகங்களைச் சேர்த்துக் கட்டும் மாதிரித் தொகுப்பாக இப்போது வடிவமைத்து வருகிறேன்.

இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமான 597 மி.மீ. இந்த அளவில் ஏறத்தாழ 7.9 மி.மீ. ஆகும், ஆனால் மாதிரி இரயில் கட்டும் நாங்கள் பயன்படுத்துவது 9 மி.மீ. தண்டவாளம். எனவே உடலை அசலின் சரியான விகிதத்திலேயே வைத்து, அடிச்சட்டத்தை மட்டும் சற்று விரித்திருக்கிறேன்.

உண்மையான அழகு பக்கக் கம்பிகளில் இருக்கிறது. அரை அங்குலத் தடிப்புள்ள கம்பி இங்கே 0.17 மி.மீ. ஆகிவிடுவதால், பிசினில் முப்பரிமாணமாக அச்சிட்டால் கை பட்டதும் முறிந்துவிடும். ஆகவே 0.25 மி.மீ. பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்தெடுக்கும் முறையையே விரும்புகிறேன். அமிலம் பக்கவாட்டிலும் தின்னும் என்பதால், ஒவ்வொரு கம்பியையும் வரைபடத்தில் சற்று அகலமாகவே வரைய வேண்டும். மடிக்கும் கோடுகளைப் பாதி ஆழத்துக்கு அரித்து, அந்தப் பள்ளம் உட்புறம் வருமாறு மடித்துப் பற்றவைத்தால், மூலைகள் கூர்மையாக அமைந்துவிடும்.