நிலைப்படியைக் கிட்டக் கிட்ட வைத்தால்? நானோ அடுக்குகளில் வெப்பம் அளந்த அனுபவம்

சிலிக்கானும் ஜெர்மானியமும் மாறி மாறிப் படிந்த படலங்களில் வெப்பக் கடத்தலை அளப்பதுதான் காரைக்குடியில் என் முனைவர் பட்ட வேலை. ஒரு சிலிக்கான் அடுக்கும் ஒரு ஜெர்மானிய அடுக்கும் சேர்ந்த தடிமனை அடுக்கு இடைவெளி என்போம். அறை வெப்பநிலையில் தனிச் சிலிக்கானின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 150 வாட், ஜெர்மானியத்துக்குச் சுமார் 60. அடுக்கினால் நடுவில் ஏதோ ஒரு எண் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவதோ பெரும்பாலும் ஒற்றை இலக்கம்.

சிலிக்கான் போன்ற குறைக்கடத்தியில் வெப்பத்தைச் சுமப்பவை ஃபோனான்கள், அதாவது படிக அணுக்களின் அதிர்வலைகள். பொருள் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் அவற்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். கானாடுகாத்தானில் நான் குடியிருந்த வீட்டு ஆச்சி, "ராத்திரியெல்லாம் அப்படி என்னத்த அளக்குறீக தம்பி?" என்று கேட்டபோது, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைப்படி தாண்டிப் போகிறவரைச் சொல்லி விளக்கினேன். படி கூடினால் போக்கு மெதுவாகும். "அப்பப் படியைக் கிட்டக் கிட்ட வச்சா?" என்றார்.

சரியான கேள்வி. இடைவெளி மிகவும் சுருங்கினால் ஃபோனான் துகளைப் போல நடப்பதை விட்டு அலையைப் போல நடக்கும். அந்த அலைக்கு எல்லைகள் தனித்தனியாகத் தெரியாது, மொத்த அடுக்கும் ஒரே புதுப் படிகம்தான். கடத்தல் மறுபடி ஏறும். ஆக, நடுவில் எங்கோ ஒரு குறைந்தபட்சம் இருக்க வேண்டும். சிம்கின், மஹான் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 2000இல் கணக்கில் காட்டியதை, 2014இல் ஜெயகாந்த் ரவிச்சந்திரன் குழு ஆக்சைடு அடுக்குகளில் அளந்து காட்டியது.

அளக்க எடுத்துக்கொண்டது மூன்று ஒமேகா முறை. படலத்தின் மேல் ஒல்லியான உலோகக் கோடு. அதுவே ஹீட்டர், அதுவே வெப்பமானி. ஒமேகா அதிர்வெண்ணில் மின்னோட்டம் விட்டால் சூடும் மின்தடையும் இரண்டு ஒமேகாவில் ஆடும், மின்னழுத்தத்தில் மூன்று ஒமேகாவில் ஒரு சின்னக் குறி (சிக்னல்) தலைகாட்டும். கோடு எவ்வளவு சூடாகிறது என்பதை அதிலிருந்துதான் கணக்கிடுவோம். அது முதன்மைக் குறியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். முதன்மையைச் சமன்செய்து கழித்த பிறகே, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் கருவிக்கு அது தெரியும். பகலில் ஏசி ஓடி ஓடி நிற்க, சமன் நிலை நகர்ந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இரவுக் கூத்து.

வருவது உண்மையான குறியா, கருவியின் திரிபா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் மூன்று ஒமேகாக் குறி எட்டு மடங்காக வேண்டும். ஆகவில்லை என்றால் அன்றைய தரவு குப்பைக்கு. அப்புறம், கோட்டுக்கும் படலத்துக்கும் நடுவே உள்ள ஆக்சைடு காப்புக்கும் சொந்தமாக வெப்பத் தடை உண்டு. அதே காப்புள்ள, ஆனால் அடுக்குப் படலம் இல்லாத ஒரு மாதிரியையும் அளந்து கழித்தால்தான் படலத்தின் பங்கு மட்டும் மிஞ்சும்.

சின்ன இடைவெளி மாதிரிகளில் இடைவெளி குறையக் குறையக் கடத்தலும் குறைந்தது. பெரிய இடைவெளி மாதிரியில் கூடுதலாக இருக்க வேண்டியது, குறைவாக வந்தது! எக்ஸ்ரே சிதறல் வரைபடத்தில் சிகரங்கள் அகன்றிருந்ததை, அதாவது படிக ஒழுங்கு கெட்டிருந்ததை, பார்த்த பிறகு காரணம் புரிந்தது. சிலிக்கானுக்கும் ஜெர்மானியத்துக்கும் அணு இடைவெளியில் ஏறக்குறைய 4 சதவீத வித்தியாசம். அடுக்கு தடித்தால் இறுக்கம் தாங்காமல் குறைபாடுகள் விழுகின்றன, அவையும் வெப்பத்தைத் தடுக்கும்.

மறுபடி ஏறும் அந்த வளைவு என் மாதிரிகளில் வரவே இல்லை. எல்லையில் இரண்டு அணுக்களும் கலந்துவிடுவதால் அலையின் ஒழுங்கு கெடுகிறது என்பது என் கணிப்பு. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், அணு இடைவெளி ஒத்துப்போகும் காலியம் ஆர்சனைடு, அலுமினியம் ஆர்சனைடு ஜோடியில் தொடங்குவது மேல்.

இவையெல்லாம் அடுக்குகளுக்குக் குறுக்கே அளந்தவை. அடுக்கு நெடுகப் பாயும் வெப்பத்துக்கு இன்னும் ஒல்லியான கோடு வேண்டும். கோட்டை வரையும் எங்கள் மாஸ்க் (அச்சுத் தகடு) அதற்குப் போதவில்லை, ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே இல்லை.