கரப்பானும் கடலையும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குழந்தைகள் ஓ.பி.யில் வேலை பார்ப்பவர்களுக்குக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சொல் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் நோய். கன்னம் சிவந்து நீர் கசியும் ஐந்து மாதப் பிள்ளையைத் தூக்கி வரும் ஆச்சி முதலில் கேட்பது மருந்தை அல்ல. "இவுக ஆத்தா எதைத் திங்கக் கூடாது டாக்டர்?" அதற்குள் கத்தரிக்காய், கருவாடு, முட்டை, கடலை (வேர்க்கடலை) எல்லாம் அந்த ஆத்தாளுக்கு நிறுத்தியாகியிருக்கும். தாய் பத்தியம் இருப்பதால் பிள்ளைக்குக் கரப்பான் வராமல் போவதில்லை. தாய்க்குச் சத்துக் குறைவதுதான் மிச்சம்.

கோளாறு தோலில் இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதம் சரியாக அமையாத பிள்ளைகளுக்குத் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, வெடிக்கும். மரபணு வழியாக இது வருவது 2006இல் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், வாய்க்குத் தடை போட்ட கடலை அந்த வெடிப்பு வழியாகத் தாராளமாக உள்ளே போகிறது. கடலை உடைத்த கையோடுதான் பிள்ளையைத் தூக்குகிறோம். நல்லெண்ணெய் தடவி, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். தோல் வழி நுழைந்த புரதத்தை உடம்பு எதிரியாக நினைக்கிறது, குடல் வழி போனதைப் பழகிக்கொள்கிறது என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து.

2015இல் வெளியான லண்டன் ஆய்வில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். கடலையை ஒதுக்கியவர்களில் 5 வயதில் 100க்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டு வந்தவர்களில் 3 பேருக்கு. ஆனால் கடலை கரப்பானைக் குணமாக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தை நிறுத்திவிட்டுக் கடலையை ஊட்டுவார்கள்.

கரப்பான் கடுமையாக இருந்தால் முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை, பிறகுதான் கடலை. மற்றப் பிள்ளைகளுக்கு 6 மாதம் முடிந்து, கஞ்சி பழகிய பிறகு தொடங்கலாம். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிச் சலிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு, மேலண்ணத்தில் ஒட்டுகிற களியாகிவிடும். சுமார் 8 கிராம் தூளை வெதுவெதுப்பான கஞ்சியில் நீர்க்கக் கரைத்து, முதலில் கரண்டி நுனியளவு மட்டும் கொடுத்து 10 நிமிடம் பாருங்கள். தடிப்பு, வாந்தி, இருமல் இல்லையென்றால் மீதியை மெதுவாகக் கொடுத்து 2 மணி நேரம் கவனியுங்கள். ஏதாவது ஒன்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் தொடங்க வேண்டாம். முழுக் கடலை 5 வயது வரை கூடாது, புரையேறும்.

பெரும்பாலும் தவறுவது இதற்குப் பிறகுதான். ஒரு தடவை ஒன்றும் ஆகவில்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். வாரம் 3 முறை தொடர்ந்தால்தான் குடலுக்குப் பழக்கம் நிற்கும்.

தோலுக்கு 5 முதல் 10 நிமிட வெதுவெதுப்பான குளியல் போதும். துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் வெள்ளை வாசலினைத் தடவ வேண்டும். வாரத்துக்கு 100 கிராமாவது செலவாகும். சின்ன டப்பா மாதக்கணக்கில் வந்தால் போதுமான அளவு தடவவில்லை என்று அர்த்தம்.

வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மட்டும் புண்ணாகி, கூடவே வயிற்றுப்போக்கும் இருந்தால் அதைக் கரப்பான் என்று விட்டுவிடக் கூடாது; துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம். அதற்கு வாசலின் எத்தனை டப்பா தடவினாலும் ஆறாது.