ரெஃபரன்ஸ் பட்டியலில் நம் பெயர்கள் உடையும் இடம்

ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய நாள் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையால் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் காற்புள்ளி, சாய்வெழுத்து, அடைப்புக்குறி இவற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அதெல்லாம் ஸோட்டெரோ, எண்ட்நோட் போன்ற ரெஃபரன்ஸ் மென்பொருள்கள் நொடியில் செய்துவிடும். நாம் பார்க்க வேண்டியது மென்பொருளுக்குள் ஏறியிருக்கும் தகவலை. அங்கே பெயர் தவறாக இருந்தால், ஏபிஏ, வான்கூவர், ஐட்ரிபிள்ஈ என்று எந்த மேற்கோள் ஸ்டைலுக்கு மாற்றினாலும் தவறாகவே வரும்.

சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ‘எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்’ என்ற சிறு குறிப்பை எடுத்துக்கொள்வோம். தொகுதி 121, இதழ் எண் 3048, பக்கம் 501–502. ஏபிஏ ஏழாம் பதிப்பில் ‘ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928)’ என்று தொடங்கும். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும். இதழ் எண் தொகுதியை ஒட்டி அடைப்புக்குறிக்குள் நேரெழுத்தில் வரும். கடைசியில் டிஓஐ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) முழு இணைய முகவரியாக நிற்கும், அதற்குப் பின் முற்றுப்புள்ளி கிடையாது. வான்கூவரில் ‘ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்’; இனிஷியலுக்குப் புள்ளி இல்லை, எண்கள் ‘1928;121:501-2’ என்று இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும். ஐட்ரிபிள்ஈ பாணியில் இனிஷியல் முன்னால் போய்விடும், கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள் போகும். மூன்றும் ஒரே பதிவிலிருந்து பிறப்பவை. குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘ராமன்’, முதற்பெயர்க் கட்டத்தில் ‘சி. வி.’ என்று இருந்தால் போதும்.

சிக்கலே அந்தக் கட்டத்தில்தான். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக இருக்கும். ஜர்னலின் படிவமோ குடும்பப்பெயர் இல்லாமல் நகரவிடாது. அங்கே ஒருவர் ‘கே’ என்று இனிஷியலைப் போட்டுவிட்டால், அதுவே பதிப்பகத்திலிருந்து, டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃபுக்கும் மருத்துவக் கட்டுரைத் தேடுதளமான பப்மெட்டுக்கும் போய், உங்கள் ஸோட்டெரோவிலும் வந்து உட்காரும். முருகன் என்பவர் எழுதிய கட்டுரை உங்கள் பத்தியில் ‘(கே, 2019)’ ஆகிவிடும். ஸோட்டெரோவில் ஆசிரியர் பெயர்மேல் வலது சொடுக்கு செய்தால் முன்பின் மாற்றும் வசதி வரும். ஆனால் ஊகித்து மாற்றாதீர்கள். பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அவருடைய ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) பக்கத்தையும் பாருங்கள். சிலர் அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்டு ‘முருகன் கந்தசாமி’ என்றே வெளியிடுகிறார்கள். அப்படியானால் ‘கந்தசாமி, எம்.’ என்று வருவதுதான் முறை. தன் பெயரை அவர் எப்படி வெளியிடுகிறாரோ அப்படியே கொடுப்பதுதான் அவருக்குச் செய்யும் நியாயம்.

இதிலிருந்து இன்னொரு கோளாறும் கிளம்பும். ஒரே ஆசிரியர் ஒரு பதிவில் ‘கே. முருகன்’ என்றும் இன்னொன்றில் ‘கே முருகன்’ என்று புள்ளியில்லாமலும் இருந்தால், மென்பொருள் இருவேறு ஆட்கள் என்று எண்ணி, ஏபிஏ சைட்டேஷனில் (பத்திக்குள் வரும் மேற்கோள் குறிப்பில்) தேவையில்லாமல் இனிஷியலைச் சேர்க்கும். பத்திக்குள் திடீரென்று இனிஷியல் முளைத்தால் ஸ்டைல் கோப்பைக் குறை சொல்லாமல் அந்த ஆசிரியரின் எல்லாப் பதிவுகளையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். நிறுவனப் பெயர்களை ஒற்றைக் கட்டத்துக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன் ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.’ என்று அச்சாகும்.

பதிவுகளை கூகுள் ஸ்காலரிலிருந்து இறக்குவதை விட்டுவிடுவது நல்லது. அங்கிருந்து வருபவற்றில் டிஓஐ இருக்காது, இதழ் எண்ணும் பல நேரம் விடுபடும். ஸோட்டெரோவின் மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி டிஓஐயை ஒட்டினால் பதிப்பகம் தந்த தகவலே நேராக வரும். தலைப்பை எப்போதும் வாக்கிய நடையில் வையுங்கள், அதாவது முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து. தேவைப்படும் ஸ்டைல் அதை எல்லாச் சொற்களிலும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் பிழையில்லாமல் மாற்ற மென்பொருளால் முடியாது.

தமிழ் நூல்களை ஏபிஏவில் காட்டும்போது தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்த்து, ஆங்கில மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்புக்குள் தர வேண்டும். எழுத்துப்பெயர்ப்புக்கு மதராஸ் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையை எடுத்தால் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பதிவின் மொழிக் கட்டத்தில் தமிழுக்கான குறியீட்டைப் போட மறக்க வேண்டாம். அது வெறுமையாக இருந்தால், சிகாகோ போன்ற ஸ்டைல்களில் தமிழ்த் தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத் தலைப்பைப் போல் பெரிய எழுத்தில் தொடங்கிவிடும்.

எண் வரிசை கேட்கும் ஜர்னல்களில் அட்டவணைதான் பொறி. அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, அந்த அட்டவணையைப் பத்தியில் முதலில் குறிப்பிடும் இடத்தின் வரிசைப்படி எண் கொடுக்கச் சொல்கிறது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு. ஆனால் பல ஜர்னல்கள் அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைக்கச் சொல்லும். மென்பொருள் கோப்பின் வரிசையை மட்டுமே பார்ப்பதால் அவற்றுக்குக் கடைசி எண்களைத் தந்துவிடும். எழுதும்போது அட்டவணையை முதல் குறிப்புக்கு அருகிலேயே வைத்திருங்கள். எண்கள் உறுதியானதும் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ கொடுத்து எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக்கி, பிறகு அட்டவணையைக் கடைசிக்கு நகர்த்துங்கள். மூலக் கோப்பில் அன்லிங்க் செய்துவிட்டால் அந்த இணைப்பு திரும்பாது; ரிவியூவர் இரண்டு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொன்னால் எல்லாம் கைவேலைதான்.

பக்க எண்ணை வேர்டில் நேராகத் தட்டச்சு செய்யாதீர்கள், சைட்டேஷன் பெட்டியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நேராகத் தட்டியதை அடுத்த ரெஃப்ரெஷ் அழித்துவிடலாம். அதே கோப்பை கூகுள் டாக்ஸில் அப்படியே திறந்தாலும் இணைப்புகள் அறும். ஸோட்டெரோவின் ஆவண அமைப்புகளில் வேறு எழுதுசெயலிக்கு மாறும் வழி இருக்கிறது, அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அனுப்பும் முன் ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கித் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது, தலைப்பும் முதல் ஆசிரியரும் உங்கள் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். ஏஐ எழுதித் தரும் ரெஃபரன்ஸுகள் இந்த இடத்தில்தான் பிடிபடும்: டிஓஐ நிஜமாக இருக்கும், திறந்தால் வேறு யாருடைய கட்டுரையோ நிற்கும். உங்கள் பதிவில் டிஓஐ விடுபட்ட பழைய கட்டுரைகளுக்கு கிராஸ்ரெஃபின் ‘சிம்பிள் டெக்ஸ்ட் கொயரி’யில் பட்டியலை ஒட்டினால் இருப்பவற்றைத் தேடித் தரும், கட்டணம் இல்லை. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தைப் பார்த்து ஸோட்டெரோ அந்தப் பதிவில் எச்சரிக்கை காட்டும். எச்சரிக்கை வந்த பதிவை உங்கள் வாதம் நம்பியிருந்தால் அந்தப் பத்தியையே மாற்றி எழுத வேண்டும். திரும்பப் பெறப்பட்டது என்பதையே பேசுவதற்காக அதைக் காட்டுகிறீர்கள் என்றால், பத்தியிலும் பட்டியலிலும் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.