ஊறுகாய் டப்பாவும் விமான நிலையச் சோதனையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பையில் ஊறுகாயோ சம்பலோ இல்லாமல் இருக்காது. சோதனையில் இரண்டும் திரவக் கணக்குதான். நெய், தைலம், பற்பசையும் அப்படியே. கைப்பையில் வைத்தால் ஒவ்வொரு டப்பாவும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் ஜிப் பைக்குள் அடங்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: பார்ப்பது டப்பாவின் கொள்ளளவை, உள்ளே மிச்சமிருப்பதை அல்ல. 200 மில்லி புட்டியின் அடியில் இரண்டு கரண்டி எண்ணெய் கிடந்தாலும் குப்பைத்தொட்டிதான். பாட்டி கைப்பக்குவம் அப்படிப் போனால் வயிறு எரியும்; மூடியில் டேப் சுற்றிப் சரக்கு அறைக்குப் போகும் பெரிய பெட்டியில் போடுங்கள்.

பவர்பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டும். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை. 20,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்பது சுமார் 74 வாட்-மணி (அதில் அடங்கும் மின்னாற்றல்). 100 வாட்-மணி வரை பொதுவாகச் சரி. அளவு எழுத்து அழிந்திருந்தால் மறுக்கலாம்.

சாவி, சில்லறையை வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போட்டுவிடுங்கள்.